டூ வீல் ட்ரைவ் (பின்வீல் ரெண்டு மட்டும் இழுக்குற) பிக்கப்ப ஃபோர் வீல் (நாலு வீலும் இழுக்குறது) ஆக்குன கதைங்க – பட்டவங்க வந்து சொல்லுங்க

மண்ரோடு:
நான் கன்வெர்ட் பண்ணல, யாரோ பண்ணி வெச்சிருந்த வண்டிய வாங்குனேன். முன்னாடி ஹவுசிங் ஆக்சில் (ரெண்டு வீலையும் சேக்குற ஒரே இரும்புக் கூடு), ட்ரான்ஸ்பர் கேஸ் (கியர்பாக்ஸ் சக்திய முன்னாடியும் பின்னாடியும் பிரிச்சு அனுப்புற பெட்டி) எல்லாம் பக்காவா உக்காந்திருந்துச்சு, வெல்டிங் கூட சுத்தம். சேத்துல போட்டா ஒண்ணும் தெரியல, ஜம்முன்னு ஏறுது. தாருக்கு வந்தாத்தான் ஆட்டமே, நேரா போறப்பவே வண்டி இறுகி அடங்குது, சரி டூ வீலுக்கு மாத்துவோம்னா லிவர் அசைய மாட்டேங்குது, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தா டங்குனு ஒரு சத்தத்தோட விடுது. வித்தவர கேட்டா "ஃபோர் வீல்னா கொஞ்சம் இறுக்கத்தான் சார் செய்யும்"ங்கறார்.

மனசு கேக்கல. நாலு வீலையும் ஸ்டாண்ட்ல ஏத்தி, டூ வீல்ல நியூட்ரல் போட்டு, ட்ரான்ஸ்பர் கேஸ்லருந்து முன், பின் ஆக்சிலுக்குப் போற ரெண்டு ஜாயின்ட் ஷாஃப்ட்லயும் சாக்பீஸ்ல கோடு இழுத்தாச்சு. நானும் மச்சானும் ஆளுக்கொரு பின்வீல புடிச்சு சரியா ஒரே ஒரு சுத்து சுத்துறோம், பையன் அடியில படுத்துக்கிட்டு ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்துதுன்னு எண்ணுறான். "மூணே முக்கால்கூட முழுசா வரலப்பா." முன்னாடி வந்து அதே மாதிரி ஒரு சுத்து. "நாலு தாண்டிப் போயிருச்சு." மச்சான் என்னைய பாக்குறான், நான் அவன பாக்குறேன்.

பின்னாடி கிரவுன் (ஆக்சில் உள்ள இருக்குற பெரிய பல்சக்கரம்) ரேஷியோ 3.73, முன்னாடி 4.10, அதாவது வீல் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் அத்தன சுத்து சுத்தணும். ஃபோர் வீல்ல ரெண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்துலதான் சுத்தும். பின்வீல் 11 சுத்து சுத்துறதுக்குள்ள முன்வீல் 10தான் சுத்தும். சேத்துல ஏதாச்சும் ஒரு டயர் வழுக்கி அந்த வித்தியாசத்த முழுங்கிரும், தார்ல எங்க வழுக்கும்? இப்டி வேற யாருக்காச்சும் ஆயிருக்கா?

டீசல்புகை:
தம்பி பயப்படாதீங்க, அது விண்ட் அப், முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டி முறுக்கு ஏறுறது. சென்டர் டிஃப் (முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல வேக வித்தியாசத்த விட்டுக்கொடுக்குற டிஃபரன்ஷியல்) இல்லாத, தேவைப்பட்டா மட்டும் போடுற பார்ட் டைம் ஃபோர் வீல் எல்லாமே காஞ்ச தார்ல இறுக்கும், கம்பெனில இருந்தே ஃபோர் வீலா வந்த வண்டியும் இறுக்கும். திரும்புறப்ப முன்வீல் பெரிய வட்டம் போகுது, பின்வீல் சின்ன வட்டம் போகுது, நடுவுல விட்டுக்கொடுக்க ஒண்ணும் இல்ல.

என் கதை சின்னது. ஃப்ரெண்ட் வண்டில முன் ஆக்சில் போட்டோம், டயர் முன்னாடி புதுசு, பின்னாடி பாதி தேஞ்சது, அதுக்கே முறுக்குச்சு. அவ்ளோதான். ஆனா இத படிக்கிற புதுப் பசங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், தனித்தனியா சாமான் பொறுக்காதீங்க, அதே மாடல் ஃபோர் வீல் வண்டி அடிபட்டு ஓரங்கட்டுனது முழுசா ஒண்ணு புடிங்க. ட்ரான்ஸ்பர் கேஸும் ஆக்சிலும் எல்லாருக்கும் ஞாபகம் வரும், க்ராஸ் மெம்பர், லிவர் போற தரைத் தகடு, ப்ரேக் ஹோஸ், ஸ்டீரிங் லிங்க், ஸ்பீடோ சென்சார், வயரிங், இதெல்லாம் வேலை பாதில நிக்கிறப்பதான் ஞாபகம் வரும். முழு வண்டி இருந்தா போய் கழட்டிக்கலாம், இல்லன்னா ஒரு போல்ட்டுக்காக வாரக்கணக்குல வண்டி ஜாக்கிலயே நிக்கும். அப்பறம் பின்னாடி ஷாஃப்ட்ட வெட்டிக் குட்டையாக்கணும், வெட்டுனா பேலன்ஸ் பாக்கணும், பாக்காம விட்டா வேகம் புடிச்சதும் சீட்டெல்லாம் அதிரும். சேஸ்ல வெல்டிங் வெக்கிறதுக்கு முன்ன பேட்டரி கழட்டிருங்க, புது வண்டின்னா ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் உருவிருங்க.

மண்ரோடு:
அண்ணே, "நேரா போறப்பவே"ன்னு எழுதியிருக்கேன். திரும்புறப்ப மட்டும் இறுக்குனா நீங்க சொல்றது சரி. நேர் ரோட்ல இந்தளவு இறுக்குனா அது ரேஷியோதானே? எண்ணியே பாத்தாச்சுங்கறேன்.

மலைப்பாதை:
எங்க வீட்டு வண்டிக்கு கியர்பாக்ஸ்லயே மாட்டிக்கிச்சு. மெக்கானிக் சொன்னது, "அதே இன்ஜின், அதே பாக்ஸ்தான்மா, பின்னாடி ட்ரான்ஸ்பர் கேஸ ஒட்ட வேண்டியதுதான்." பாக்ஸ இறக்குனாங்க. டூ வீல் பாக்ஸ்ல வால் நீளம், அதுக்குள்ள ஷாஃப்ட்டோட ஸ்லிப் யோக் (முன்னும் பின்னும் நகர்ற முனை) போய் உக்காருது. ஃபோர் வீல் பாக்ஸோட வால் கட்டையா இருக்கும், அவுட்புட் ஷாஃப்டோட ஸ்ப்லைன் (நீளவாக்குல பல்லு வெட்டுன முனை) நேரா ட்ரான்ஸ்பர் கேஸுக்குள்ள போகணும். அவர் அந்த கேஸ ரெண்டு கையாலயும் தூக்கி எங்க பாக்ஸோட வால்ல வெச்சுப் பாக்குறார், ஒரு ஓட்டைகூட சேரல, திருப்பி வெச்சுப் பாக்குறார், அப்பறம் மெதுவா கீழ வெச்சுட்டு கைய துணில தொடச்சுட்டு போன எடுத்து நோண்ட ஆரம்பிச்சுட்டார். ஒரு வார்த்த பேசல. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு இது இழுக்கும்னு. கடைசில ஃபோர் வீல் பாக்ஸ் முழுசாவே வாங்க வேண்டியதாப் போச்சு.

கிரவுன்பினியன்:
அக்கா முழு பாக்ஸ் எல்லாம் எல்லா மாடலுக்கும் தேவையில்ல, சிலதுல மெயின் ஷாஃப்ட்டும் அடாப்டர் ஹவுசிங்கும் மாத்துனா போதும்.

மலைப்பாதை:
மெயின் ஷாஃப்ட் மாத்தணும்னா பாக்ஸ முழுசா பிரிக்கணும் தம்பி. பிரிச்சா பேரிங், சின்க்ரோ, சீல்னு ஒவ்வொண்ணா வாய தெறக்கும். அதுக்கு இன்னொரு பாக்ஸே தேவல.

ஒத்தையடி:
டீசல்புகை அண்ணே சொன்ன லிஸ்ட்ல பம்ப் ஸ்டாப் (ஆக்சில் ரொம்ப மேல ஏறாம தடுக்குற ரப்பர்) விட்டுப்போச்சு. சித்தப்பா வண்டில தனித்தனி சஸ்பென்ஷன தூக்கிட்டு பட்டா ஸ்பிரிங்ல ஹவுசிங் ஆக்சில் போட்டாங்க, நிறுத்தி வெச்சுப் பாத்தா இன்ஜின் அடியில இருக்குற ஆயில் சம்புக்கும் ஆக்சிலோட டிஃபுக்கும் நடுவுல கை தாராளமா போகுது, போதும்னு விட்டுட்டாங்க. அது வண்டி நிக்கிறப்ப இருக்குற இடைவெளி. பள்ளத்துல விழுந்தா ஆக்சில் மேல ஏறும்ல. ஒரு குழில இறங்குனதும் சத்தம், சித்தப்பா கல்லு தெறிச்சுதுன்னார். நான் அடியில டார்ச் அடிச்சுப் பாத்தா டிஃப் ஹவுசிங்ல அடிச்ச புது பெயின்ட்ல சம்ப் போல்ட் தலை அப்டியே ஆறு மூலையோட பதிஞ்சிருக்கு. சம்புல முடி மாதிரி ஒரு கீறல், அதுல ஆயில் கசியுது. ஸ்டாப்பர் ரப்பர் ரெண்டு இருந்திருந்தா வராத வேலை.

மணல்மேடு:
எல்லாரும் கோச்சுக்காதீங்க, இவ்ளோ பாடு எதுக்கு? டூ வீல் வண்டிய வித்துட்டு ஃபோர் வீலாவே வாங்கிட்டுப் போலாம், மொத்தக் கணக்குல அது கம்மியாத்தான் வரும். இல்லையா, பின்னாடி ஒரு லாக்கர் (ரெண்டு பின்வீலையும் சேத்தே சுத்த வெக்கிறது) போட்டு, நல்ல டயர் போட்டு, மணல்ல காத்தக் கொறச்சு ஓட்டுங்க, காலி பிக்கப்ன்னா பின்னாடி வெயிட் ஏத்துங்க, முக்காவாசி எடத்துல ஏறிரும். கன்வெர்ட் பண்ணியே ஆகணும்னு அடம் புடிச்சா வண்டியப் பாத்து எடுங்க. டொயோட்டா டகோமால ப்ரீரன்னர்னு ஒண்ணு வந்துச்சு, டூ வீல்தான், ஆனா சஸ்பென்ஷன் உயரம் ஃபோர் வீல் வண்டியோடது. அந்த மாதிரி வண்டின்னா பாதி வேலை மிச்சம். தாழ்வா இருக்குற டூ வீல் வண்டில முன்பக்க சேஸே வேற மாதிரி இருக்கும், டிஃப மாட்ட எடமே இருக்காது. ப்ரேக்கும் யோசிங்க, ஃபோர் வீல் இருந்தா கெளம்பத்தான் உதவும், நிக்கிறதுக்கு இல்ல.

ஒத்தையடி:
மொத ஆளு வாங்குனதே கன்வெர்ட் பண்ண வண்டி. அவர்ட்ட போய் விக்க சொல்றீங்க.

மண்ரோடு:
நன்றிங்க 😄 இப்ப என் கேள்வி இதுதான், ரெண்டையும் ஒண்ணாக்க முன்னாடி 3.73 போடவா, பின்னாடி 4.10 போடவா? டயர் பெரிய சைஸ் போட்டிருக்கு, அதனால பின்னாடி 4.10 போட்டா இழுவ நல்லாருக்கும்னு தோணுது.

கிரவுன்பினியன்:
பெரிய டயர்ன்னா 4.10தான் சரி. ஆனா பின்னாடி டானா 44ன்னு ஒரு ஆக்சில் இருந்தா ஜாக்கிரத, அதுல 3.73 வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுன் மாட்டுற கூடு), 3.92லருந்து வேற கேரியர். கிரவுனும் அத சுத்துற சின்ன பினியனும் மட்டும் வாங்கிட்டு வந்தா உள்ள சேராது, கேரியரும் மாத்தணும், இல்ல தடிமனா வெட்டுன கிரவுன் கெடைக்குதான்னு பாக்கணும். செட் பண்றப்ப ஷிம் (மெல்லிய தகடு) வெச்சு பேக்லாஷ் (பல்லுக்கு பல்லு இடைவெளி) பாத்து, பல்லுல மார்க்கிங் பெயின்ட் தடவி பேட்டர்ன் பாக்குற ஆள்ட்ட குடுங்க, கண்ணால பாத்து மாட்டுறவர்ட்ட குடுத்தா ஊளையிடும்.

மண்ரோடு:
பின் டிஃப் கவர் இன்னும் தொறக்கல. தொறந்து கிரவுன்லயும் பினியன்லயும் பல்லு எண்ணிட்டு, என்ன ஆக்சில்னு பாத்து வந்து சொல்றேன். அதுவரைக்கும் முன் ஷாஃப்ட்ட கழட்டி வெச்சுட்டேன், டூ வீலாவே ஓடட்டும்.