கத்தோரி வாள் பள்ளிக்காரர்களை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

சிபாவாசி

முன்கதை வேண்டாம், நேரே வருகிறேன். ஏப்ரலில் ஜப்பானில் சிபா மாகாணத்துக் கத்தோரி ஜிங்கூ கோயிலில் வாள் வித்தையைச் சாமிக்குக் காணிக்கையாகச் செய்து காட்டுவார்கள் இல்லையா, அதைப் பார்க்கப் போயிருந்தேன். தென்ஷின் ஷோடென் கத்தோரி ஷிந்தோ ரியூ, அந்தக் கோயிலோடு சேர்ந்த பழைய வாள் பள்ளி, இங்கே இருப்பவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கத்தா (முன்கூட்டியே வகுத்த அசைவு வரிசை) இவ்வளவு நீளமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு பேர் மரவாளோடு முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கிறார்கள், டக் டக் என்று கட்டை மோதுகிறது, யார் ஜெயித்தது என்றே புரியவில்லை. அதிலும் மூத்தவர்தான் அடியை வாங்கிக்கொள்கிற பக்கம் நிற்கிறார்.

முடிந்தபிறகு ஒரு பெரியவர் மரவாளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். அரைகுறை ஜப்பானியத்தில் பேச்சுக் கொடுத்தேன். நானும் கராத்தேயில் கறுப்புப் பட்டை என்று சொல்லிவைத்தேன் (தேவையா எனக்கு). அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "உங்கள் ஆசிரியர் யார்?" என்றார். சொன்னேன். "அவருடைய ஆசிரியர்?"

அவ்வளவுதான், வாயடைத்துப் போனேன். சென்னையில் ஒரே மாஸ்டரிடம் 11 வருஷம். அவர் யாரிடம் கற்றார் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. சுவரில் ஒரு ஜப்பானியர் படம் சந்தன மாலையோடு தொங்கும், அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் வகுப்பே தொடங்கும், அது யார் படம் என்றும் எனக்குத் தெரியாது. பெரியவர் பையின் நாடாவை நிதானமாகக் கட்டி முடிக்கிறவரை என் பதிலுக்குக் காத்திருந்தார். அப்புறம் வெயில் அதிகமாகிவிட்டது என்று பேச்சை மாற்றினார். அந்த நாடா கட்டின நேரம் இருக்கிறதே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

புல்லாங்காடு

நான் போனது நவம்பரில், கூட்டமே இல்லை. கோயிலைவிட எனக்குப் பள்ளியைத் தொடங்கிய ஈசாசா சோய்சாய் இயெனாவோவின் சமாதியைத்தான் பார்க்க வேண்டியிருந்தது, மரங்களுக்கு நடுவில் இருக்கிறது, தேடித்தான் போக வேண்டும். 1387இல் பிறந்து 1488 வரை வாழ்ந்த மனுஷன். 60 வயதுக்கு மேல் இதே கோயிலில் 1000 நாள் விரதம் இருந்து பயிற்சி செய்தபோது, பிளம் மரத்தின் மேல் இந்தக் கோயில் சாமி ஃபுட்சுநுஷி தோன்றி வாள் வித்தை ஏட்டைக் கொடுத்தது என்பது கதை.

எனக்குப் பிடித்தது இன்னொரு கதை. யாராவது சண்டைக்கு வந்தால் ஈசாசா கத்தியை எடுக்கமாட்டாராம். சாசா என்கிற குட்டை மூங்கில் புதர்மேல் போய் உட்கார்ந்து, வாங்க நீங்களும் உட்காருங்க என்பாராம். புதர் வளையாது. வந்தவன் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவான். வழியில் அதே மாதிரி ஒரு புதரைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை, உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கினேன். உடனே படுத்துவிட்டது. திரும்பினால் துடைப்பத்தோடு ஒரு பாட்டி நிற்கிறார், என்னைப் பார்க்கவில்லை, புதரைப் பார்த்தார், குனிந்து இலைகளை நிமிர்த்திவிட்டுப் போனார். எத்தனை பேர் இதையே செய்திருப்பார்களோ.

கணக்குப்பிள்ளை

@புல்லாங்காடு 1387, 1488 எல்லாம் பள்ளியின் மரபுக் கணக்கு. 100 வயதைத் தாண்டிய கத்திக்காரர் என்றால் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என் அனுபவம் சின்னது. நரிட்டாவில் விமானம் மாற 9 மணி நேரம் இருந்தது. இந்தப் பள்ளியின் பயிற்சிக்கூடம் அந்தப் பக்கம்தானே என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனேன். உள்ளே கட்டைச் சத்தம் கேட்டது, கதவைத் தட்டக் கை வரவில்லை, திரும்பிவிட்டேன்.

ஆனால் சேர நினைப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்லியாக வேண்டும். முதலில், தலைவர் வேறு, கற்றுக்கொடுப்பவர் வேறு. சோகே என்கிற தலைமை ஈசாசா குடும்பத்தில் 20ஆவது தலைமுறையாக வருகிறது, ஈசாசா யசுசதா. கற்பிக்கிற பொறுப்பு ஷிஹானுடையது. பல காலம் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஓதகே ரிசுகே. 1926இல் பிறந்தவர், 1942இல் போர் நடந்துகொண்டிருந்தபோது பள்ளியின் மூத்த ஆசிரியர் ஹயாஷி யசாஎமோனிடம் சேர்ந்தார், 2021இல் 95 வயதில் காலமானார். ஆகவே சேரக் கேட்டு எழுதும்போது யார் தலைவர் என்று விசாரிக்காதீர்கள், யாரிடம் கற்க விரும்புகிறீர்கள் என்று எழுதுங்கள். இரண்டாவது, கெப்பான். விரலைக் குத்தி ரத்தத்தால் உறுதிமொழிக்கு ஒப்பமிடுவது. வித்தையை வெளியே காட்டமாட்டேன், தேர்ச்சி பெறும்வரை மற்ற பள்ளிக்காரர்களோடு மோதமாட்டேன், சூதாட்டம் மாதிரி கெட்ட சகவாசம் வைக்கமாட்டேன் என்று வரும். இதை ஏதோ சினிமா சடங்கு என்று நினைத்துப் போகிறவன் போகாமல் இருப்பதே மேல். மூன்றாவது, கராத்தே மாதிரி பட்டை, டான் என்கிற படிநிலை எதுவும் கிடையாது. மொக்குரொக்கு, மென்கியோ, கோகுயி கைதென் என்று ஏடு கொடுப்பார்கள், அதற்கும் மாதக் கணக்குச் செல்லாது, வருஷக் கணக்குத்தான். எத்தனை மாசத்தில் முடியும் என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். நான்காவது, முழங்கால். இயாய், அதாவது உறையிலிருந்து வாளை உருவி வெட்டுகிற பயிற்சி, பாதி குந்திய நிலையில் தொடங்கும், நாற்காலியிலேயே வாழ்கிறவர்கள் இன்றிலிருந்தே தரையில் குந்திப் பழகுங்கள்.

கடைசியாக, நரிட்டாவைத் தவிர மற்றதெல்லாம் கிளை. அங்கே போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

பாரிஸ் பொடியன்

கணக்குப்பிள்ளை அண்ணை, கதவையே தட்டாமல் வந்த நீங்கள் எது அசல் எது கிளை எண்டு தீர்ப்புச் சொல்லுறியள். நான் இங்கே சுகினோ யோஷியோ வழியில் வந்த ஒரு ஆசிரியரிடம் இரண்டு வருடம் பழகினவன். சுகினோ 1904இல் பிறந்து 1998 வரை இருந்தவர், சினிமா இயக்குநர் குரோசாவாவின் படத்துக்கு வாள் சண்டை சொல்லிக்கொடுத்தவர் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனால் அவர் எப்படிக் கற்றார் எண்டு பாருங்கோ. 1920களின் கடைசியில் ஜூடோவின் கானோ ஜிகோரோ, பழைய கலைகள் அழியக்கூடாது எண்டு கத்தோரியிலிருந்தே ஆசிரியர்களைத் தோக்கியோவுக்கு வரவழைச்சார், அவையளிடம்தான் கற்றார். 18ஆவது சோகே ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது பள்ளியைத் தாங்கி நிண்டது யமாகுச்சி குமாஜிரோவும் மற்ற மூத்த ஆசிரியர்களும். ஓதகேக்குக் கற்றுக்கொடுத்த ஹயாஷியும் யமாகுச்சியின் மாணவர்தான். பின்னால் போனால் இரண்டு வழியும் ஒரே முற்றத்தில் போய் நிற்கும்.

என்ர கதை ஒரு விரல். இத்சுத்சு நோ தாச்சி எண்ட வாள் கத்தா செய்யேக்க ஆசிரியரின் வாளைப் பார்க்காமல் என்ர வாளைப் பார்த்தன், சுண்டுவிரலில் விழுந்தது. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. ஐஸ் வைச்சார். பிறகு அதே வெட்டை மிக மெதுவாகத் திரும்பவும் செய்து, என்ர மரவாளில் மோதாமல் அதைத் தாண்டி வந்து மணிக்கட்டின் உள்பக்கத்தில் நிறுத்தினார். தொடவில்லை. மயிரிழை இடைவெளி. அப்படியே கொஞ்ச நேரம் வைச்சிருந்தார். விரல் வலி இரண்டு கிழமையில் போயிட்டுது, மணிக்கட்டில் அந்த இடம் இப்பவும் குளிருற மாதிரி.

கணக்குப்பிள்ளை

யமாகுச்சி வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் பள்ளி என்றால் வாள் வீச்சு மட்டும் இல்லை, ரத்தம் வைத்துச் சேர்கிற இடம் எது என்பதும் சேர்ந்ததுதான். 1960இல் சிபா மாகாணம் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்ததும் கத்தோரியில் இருக்கிற பள்ளியைத்தான். கதவு விஷயத்தை இழுத்தது நியாயமில்லை.

சிபாவாசி

சண்டை வேண்டாம். பாரிஸ் தம்பி சொன்ன மணிக்கட்டுதான் எனக்குப் பதில். நான் பார்த்த டக் டக் எல்லாம் திரை மாதிரி. கட்டை மோதுகிற இடத்தில் நிஜத்தில் உடம்பு இருக்கும், பார்க்கிறவன் திருடிவிடக் கூடாது என்று வெட்டை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று ஓதகே வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறார். கழுத்து, அக்குள், மணிக்கட்டு உள்பக்கம், கவசம் மூடாத இடங்கள்தான் குறி. நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டு, யார் ஜெயித்தது என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. போன வாரம் என் சென்னை மாஸ்டருக்கு வாட்ஸப்பில் எழுதினேன், சார், நீங்கள் யாரிடம் கற்றீர்கள், சுவரில் இருக்கும் படம் யாருடையது என்று. நீல டிக் வந்தது. மறுநாள் காலை ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படம் வந்தது. அதற்கும் மறுநாள் இன்னொன்று. நானும் தினமும் கைகூப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.