பவுண்டரி வாட்டர்ஸில் மீன்பிடிக் கனூ பயணம்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஜூலை நடுவில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் பவுண்டரி வாட்டர்ஸ் என்ற ஏரிக்காட்டுப் பக்கம் நாங்கள் நான்கு பேர், இரண்டு கனூவில் (துடுப்புப் படகு), ஒரு வாரம் போகலாம் என்று இருக்கிறோம். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்க, நுழைவிடத்துக்கும் தேதிக்கும் சேர்த்துத்தான் பெர்மிட் தருகிறார்கள், அதனால் எங்கே இறங்குவது என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.

லேக் ஒன்னில் தொடங்கி டூ, த்ரீ, ஃபோர், ஹட்சன் ஏரிகள் வழியாக இன்சுலா ஏரி வரை போவதாக நினைப்பு. முதலில் வரும் போர்ட்டேஜ்கள் (ஏரிக்கு ஏரி படகைத் தூக்கி நடக்கும் பாதைகள்) சின்னவைதான், ஆனால் ஹட்சனைத் தாண்டி இன்சுலாவுக்குள் போக நூறு ராடுக்கு மேல் கனூவைத் தோளில் சுமக்க வேண்டும் (ஒரு ராடு பதினாறரை அடி), எங்களில் ஒருவருக்கு முதுகுவலி வேறு. அவ்வளவு சுமந்து போகிற அளவுக்கு இன்சுலாவில் வால்ஐ (walleye) மீன் கிடைக்குமா, இல்லை லேக் ஃபோரிலேயே கூடாரம் போட்டுவிடலாமா? 2011 பகாமி கிரீக் தீயில் எரிந்த பகுதி அது, கூடாரம் போடும் இடங்களில் இப்போது நிழல் இருக்கிறதா?

அப்புறம் ஜூலை வெயிலில் வால்ஐ ஆழத்துக்குப் போய்விடும், பொழுது சாயும் நேரத்தில்தான் மேலே வரும். அந்த நேரத்தில் ஜிக்கில் (தலையில் எடை வைத்த தூண்டில் முள்) அட்டைப்பூச்சி கோத்துப் போடுவதா, ரப்பர் இரையே போதுமா? பகலில் ஸ்மால்மவுத் பாஸ் மீன் கிடைத்தாலே எனக்குச் சந்தோஷம்தான்.

தகர டின், கண்ணாடி பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்பது தெரியும். கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டை வைக்க மரத்தில் கட்டுவதைவிடக் கெட்டியான டப்பா நல்லது என்று தோன்றுகிறது, சுமந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.