இரண்டு ஹெலி, பக்கம் பக்கமாக இரண்டு தளம்: கோல்ட் கோஸ்ட் மாதிரி நடக்காமலிருக்க என்ன கேட்க வேணும்?

உப்புவெளியான்:
வணக்கம். அடுத்த சீசனுக்குத் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு காணியிலிருந்து 5, 10 நிமிட ஹெலிகொப்டர் சுற்று விடும் யோசனை வந்திருக்கு. கோணேசர் கோயில், துறைமுகம், புறாத்தீவு, திரும்ப இறக்கம். இரண்டு ஹெலி, கிட்டக் கிட்ட இரண்டு தளம். காணியும் ஆட்களை ஏற்றி இறக்குவதும் எங்கள் பங்கு, பறப்பு மற்றவர்களுடையது. 2023இல் அவுஸ்திரேலியாவில் இதே மாதிரி இரண்டு சுற்றுலா ஹெலி பட்டப்பகலில் முட்டினதே, அது எப்படி நடந்தது? கையெழுத்துப் போட முதல் எதைக் கேட்க வேணும்?

சுழலி:
அது ஜனவரி 2, கோல்ட் கோஸ்டில் சீ வேர்ல்ட் பூங்காவுக்குப் பக்கத்தில். இரண்டும் ஈசி 130 ரகம். ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது, மற்றது இறங்க வந்துகொண்டிருந்தது. சுமார் 130 அடி உயரத்தில், எழும்பினதின் பெரிய விசிறி இறங்க வந்ததின் முன்பக்கத்தை வெட்டியது. எழும்பினதில் 7 பேர். விமானியும் 3 பயணிகளும் இறந்தார்கள். மற்றதில் 6 பேர். முன்பக்கம் சிதைந்த நிலையிலும் அதன் விமானி மணல்திட்டில் இறக்கினார், எல்லாரும் தப்பினார்கள்.

விமானி பார்க்கவில்லை என்பதோடு கதையை முடிக்க ஏலாது. இரண்டு தளங்களின் வரும் பாதையும் போகும் பாதையும் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டன. அந்த வெட்டுப்புள்ளிதான் மூலம். அது கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத வான்பகுதி. ஒரே அலைவரிசையில் ஆளுக்காள் சொல்லிக்கொள்ளுற முறை. எழும்பினவரின் ரேடியோ அழைப்பு அன்ரெனாக் கோளாறால் மற்றவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்பது விசாரணையின் முடிவு. தரையில் நின்றவர் வழி தெளிவு எண்டு காட்டின சைகைக்கும் ஹெலி எழும்பினதுக்கும் இடையில் நிலைமை மாறிவிட்டது.

அதனால் முதல் கேள்வி: வரைபடத்தில் இரண்டு தளத்தின் வரவு, போக்கு நாலு கோட்டையும் கீறித் தாருங்கள். கோடு எங்கேயாவது வெட்டினால், ஒரு ஹெலி முழுதாக இறங்கினபிறகுதான் மற்றது எழும்பலாம் எண்டு எழுத்தில் வேணும். "விமானிமார் பார்த்துக்கொள்ளுவினம்" எண்டு பதில் வந்தால் கையெழுத்துப் போடாமல் எழும்பி வந்துவிடுங்கள்.

உப்புவெளியான்:
நன்றி. பக்கத்தில் வேற விமானம் வந்தால் சத்தம் போடுகிற கருவி இரண்டு ஹெலியிலும் இருக்கு எண்டு சொல்லுகினம். அது போதாதோ?

மின்கலம்:
போதாது. பெரிய விமானங்களில் உள்ள டிகாஸ் எண்ட மோதல் தவிர்ப்புக் கருவிகூட தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே "ஏறு, இறங்கு" எண்ட கட்டளை தராது. சின்ன ஹெலிகளின் கருவியோ தளத்துக்குக் கிட்ட எந்த நேரமும் கத்தும். விமானி அதைக் கவனிக்காமல் பழகிவிடுவார்.

அலாஸ்காவில் 2019 மே 13 கெச்சிகன் பக்கம் இரண்டு சுற்றுலா மிதவை விமானங்கள் முட்டி 6 பேர் இறந்தார்கள். ஒன்றில் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி நிறுத்தப்பட்டுக் கிடந்ததால் அதன் உயரத் தகவல் வெளியே போகவில்லை. உயரம் தெரியாததால் மற்ற விமானத்தில் இருந்த எச்சரிக்கைச் செயலி (app) எச்சரிக்கவில்லை. கருவி "இருக்கு" என்பது வேறு, இரண்டு பக்கமும் முழுசாக வேலை செய்யுது என்பது வேறு.

கண்ணுக்கும் கணக்கு இருக்கு. ஒரு பொருளைக் கண்டு, விமானம் எண்டு உணர்ந்து, முடிவெடுத்து, ஹெலி திரும்பச் சுமார் 12.5 செக்கன் வேணும் எண்டு அமெரிக்க வழிகாட்டி சொல்லுது. நேருக்கு நேர் தலா 100 நொட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகமென்றால் அதற்குள் கிட்டத்தட்ட 1,300 மீற்றர் இடைவெளி கரைந்துவிடும். முட்டப்போகிற விமானம் கண்ணாடியில் நகராது, ஒரே இடத்தில் நின்று பெருத்துக்கொண்டே வரும். அசையாததைக் கண் தவறவிடும். ஈசி 130இல் விமானி இடப்பக்கம், அவருக்கு வலப்பக்கம் முன் வரிசையில் இரண்டு பயணிகள். அந்தப் பக்கம் பார்வை குறைவு.

ரேடியோவுக்கு ஒரு மலிவான வைத்தியம்: ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன் தரையிலிருந்தும் மற்ற ஹெலியிலிருந்தும் சோதனை அழைப்பு. அதோட, அழைப்புக்குப் பதில் வராவிட்டால் எழும்பக்கூடாது. சும்மா அறிவித்துவிட்டுப் போகிறது காணாது, "கேட்டது, நான் கோயில் பக்கம் 500 அடி" எண்டு மறுமொழி வேணும்.

கச்சான்:
திருகோணமலைக்கே உரிய விசயம் ஒன்று. உங்கள் சீசனில் கச்சான் காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கும். காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் எழும்பவும் இறங்கவும் வசதி. அப்படியெண்டால் கடலிலிருந்து வந்து இறங்கி, நிலப்பக்கம் எழும்ப வேணும்; பாதை இயல்பாகவே பிரிந்துவிடும். ஆனால் அங்கே வீடு, பனை, மின்கம்பி. விமானிக்குக் கடல் பக்கம் திரும்புகிறதுதான் விருப்பம், அங்கேதான் வரவும் போக்கும் சந்திக்கும். காலையில் கிழக்கே பார்த்தால் வெயிலும் கடல் மினுக்கமும் வேற. காணியைத் தெரிவுசெய்ய முதல் இதைப் பாருங்கோ, தளத்தைப் பிறகு நகர்த்த ஏலாது.

சீனக்குடாவில் விமானப்படையின் பயிற்சிப் பறப்பு, உள்ளூர் விமானங்கள் எல்லாம் இருக்கு. அங்குள்ள கட்டுப்பாட்டோடு அலைவரிசை, உயரம், சுற்றும் திசை மூன்றையும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேணும். 2009 ஓகஸ்ட் 8 நியூயோர்க் ஹட்சன் ஆற்றுக்கு மேலே சின்ன விமானமும் சுற்றுலா ஹெலியும் முட்டி 9 பேர் போனபிறகுதான் அங்கே 1,000 அடிக்குக் கீழே உள்ளூர்ப் பறப்பு, மேலே 1,300 வரை கடந்துபோகிறவர்கள் எண்டு அடுக்குப் பிரித்தார்கள். குறித்த அலைவரிசையில் அறிவிக்கிறதும் கட்டாயமாச்சு.

சுழலி:
ஏற்றி இறக்குவது உங்கள் பங்கு எண்டதால் ஒன்று. கோல்ட் கோஸ்டில் லைஃப் ஜாக்கெட் பை இடைஞ்சலாக இருந்து, பயணிகளின் பெல்ட் சரியாகப் போடப்படவில்லை எண்டதும் அறிக்கையில் இருக்கு. பெல்ட் இடுப்பெலும்பில் தாழ்வாக இறுக வேணும், பை அதற்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது. தோள்பட்டி கைக்குக் கீழே போகக்கூடாது. ஆறு பேரையும் தொட்டுப் பார்க்க ஒரு ஆள், வானத்தைப் பார்க்க இன்னொரு ஆள். ஒரே பெடியனிடம் இரண்டு வேலையும் குடுக்காதீங்கோ.