பனையோலைப் பொம்மை செய்யப் பழக்குவதற்கு கொழும்பில் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். அக்காவின் மகளுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது. எதையும் வாயில் வைக்கிற பிள்ளை. அதனால் பருத்தித் துணியில் இலவம் பஞ்சு அடைத்து, கையால் தைத்த பொம்மை தேடுகிறேன். போன வாரம் ஒரு கடையில் ‘முழுக்க இயற்கை’ என்று தந்தார்கள். வீட்டில் அடைப்பைக் கொஞ்சம் பிய்த்துக் கொளுத்தினேன். பருத்தியோ இலவமோ என்றால் எரிந்து மென்சாம்பலாகும். இது உருகிக் கட்டியாகிவிட்டது. பொலியெஸ்டர்தான். மனம் விட்டுப்போச்சு. நம்பி வாங்கக்கூடிய இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், எனக்கே பனையோலைப் பொம்மை செய்யப் பழக ஆசை. சாவகச்சேரியில் அம்மம்மா குருத்தோலையைக் காயவைத்து, சத்தகம் என்கிற சின்னக் கத்தியால் வார்ந்து, இழைக்க முதல் தண்ணீர் தெளித்துப் பதமாக்குவா. ஈரம் குறைந்தால் ஓலை வெடிக்கும், கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டி இழைத்து மிஞ்சிய ஓலையில் எனக்கொரு பொம்மை வரும். அந்தக் கைப்பழக்கத்தை நான் கேட்டுப் பழகவே இல்லை.

சனி, ஞாயிறில் சொல்லித்தரக்கூடிய அக்காமார், அம்மாமார் இருக்கிறார்களா? கட்டணம் தருவேன். பனை அபிவிருத்திச் சபையின் பயிற்சிக்குப் போனவர்கள் இருந்தால், எப்படிச் சேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். காய்ந்த குருத்தோலை புறக்கோட்டையில் கிடைக்குமா, யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் எடுப்பிக்க வேண்டுமா?