அரசனில்லாத மலைநாட்டைப் பேரரசு என்ன செய்ய வேண்டும்?

குன்னூர் கதைசொல்லி:
அனைவருக்கும் வணக்கம். நான் எழுதிவரும் மிகுபுனைவு நாவலில் நெல்வரியால் வாழும் ஆற்றங்கரைப் பேரரசு ஒன்று வருகிறது. அதன் மேற்கெல்லையில், மூன்று தலைமுறைகளாக வரைபடத்தில் மட்டுமே பேரரசுக்குச் சொந்தமாக இருக்கும் ஒரு மலைநாடு உண்டு. அங்கே அரசனும் இல்லை, வரியும் இல்லை, சமவெளியிலிருந்து தப்பி வருபவர்களுக்கு அடைக்கலம் மட்டும் கிடைக்கிறது. புதிதாக அரியணை ஏறும் பேரரசி கணவாயில் கோட்டை கட்டி, மலைக்குடிகளில் ஒருவரைத் தலைவராக்கி, அவர் வழியாகத் திறை வாங்குவதாக எழுதியிருக்கிறேன். இது நம்பும்படி இருக்கிறதா என்று நம் மலைகளை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடலூர் வாசகி:
கோட்டை மலையை ஆளாது என்பதற்கு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பக்காசுரன் மலையில் இடிந்து கிடக்கும், திப்பு சுல்தான் காலத்தில் பயன்பட்ட கோட்டை, சமவெளியிலிருந்து ஏறிவரும் வழியைக் கண்காணித்தது. மேலே நீலகிரியில் வாழ்ந்த குடிகளின் நடைமுறைகளில் அதற்குப் பங்கில்லை. தோடர்கள் எருமை வளர்த்து நெய் தந்தார்கள். கோத்தர்கள் இரும்புக் கருவிகளும் மண்பாண்டங்களும் செய்து, சாவுச் சடங்குகளுக்கு இசையும் வழங்கினார்கள். படகர்கள் தானியம் விளைவித்தார்கள். குறும்பர்கள் தேனும் காட்டுப் பொருள்களும் கொண்டுவந்தார்கள். எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்துக்கு என்ன தர வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வகுக்கப்பட்டிருந்த அந்த நாட்டில், ஒருவரை மட்டும் தலைவராக்கிப் பட்டம் கட்டினால், மற்றவர்கள் எல்லோருக்கும் அவரோடு இருந்த உறவு ஒரே நாளில் மாறிவிடும்.

கோட்டையை விட வலிமையான கருவி நிலப் பதிவேடு. 1819இல் மலையேறி வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், தாமே பெருமளவு நிலம் வைத்திருந்தவர் என்றாலும், மலைநிலம் தோடர்களுக்கு உரியது, எடுத்தால் ஈடு தர வேண்டும் என்று வாதாடினார். சென்னை அரசுக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு இருந்தது. 1830இல் மலையின் ஒரு பகுதி மலபார் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டு, 1843இல்தான் கோயம்புத்தூருக்குத் திரும்பியது. பிறகு சாலையும் தோட்டமும் வந்தன. 1882இன் சென்னை வனச் சட்டம் காட்டை அரசின் காப்புக்காடாக ஒதுக்க வழிசெய்தது. ஒரு போர்கூட நடக்காமல் மலை கைமாறிவிட்டது. எங்கள் கூடலூரில் நிலம்பூர் கோவிலகம் என்ற மலபார் அரச குடும்பத்தின் ஜன்ம உரிமையை, அதாவது பரம்பரை நில உடைமையை, ஒழிக்க 1969இல் சட்டம் வந்த பின்னும், தோட்டக் குத்தகை நிலங்களைப் பற்றிய அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலத்தில் குடியிருப்பவர்கள் பட்டாவுக்காக இன்னும் அலைகிறார்கள். உங்கள் பேரரசி மலைநாட்டோடு உடன்படிக்கை செய்துகொண்டு, உப்பும் இரும்பும் விற்று, தேனும் நெய்யும் வாங்கி, அதற்கு மேல் கை நீட்டாமல் இருப்பதே நேர்மையானது.

பழனிமலை அடிவாரம்:
கூடலூர் சகோதரியின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அரசனில்லாத இடத்தில் வலுவற்றவர்களுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை. சூனியம் வைத்தார்கள் என்ற பழியின் பேரில் குறும்பர்கள் கொல்லப்பட்ட செய்திகள் 19ஆம் நூற்றாண்டு நீலகிரிப் பதிவுகளில் இருக்கின்றன. அவர் அழகாக விவரித்த அதே பரிமாற்ற உறவுக்குள்தான் அந்தக் கொலைகளும் நடந்தன.

பட்டம் கட்டும் வழியை நானும் ஆதரிக்கவில்லை, ஆனால் என் காரணம் வேறு. மதுரை நாயக்கர்கள் நாட்டைப் பாளையங்களாகப் பிரித்துக் கொடுத்தபோது எங்கள் பழனிமலை அடிவாரமும் ஆயக்குடி, விருப்பாச்சி, கன்னிவாடி என்று பாளையக்காரர்களின் கைக்குப் போனது. படை வைத்துக்கொள், காவல் பார், வரியில் ஒரு பங்கைக் கொடு என்பதே ஏற்பாடு. மேலே உள்ள அரசுக்கு இது செலவில்லாத ஆட்சி. குடிமக்களுக்கோ, பாளையக்காரர் மீது முறையிட வேறு வாசல் கிடையாது. அந்த அதிகாரத்தைக் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) பிடுங்க வந்தபோது நடந்த போரில், 1801இல் விருப்பாச்சி கோபால் நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவின் வடமேற்கு எல்லையில் ஆங்கிலேயர் 1901இல் கொண்டுவந்த எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறை, ஒருவர் செய்த குற்றத்துக்காக அவருடைய குலத்தையே தண்டிக்க அனுமதித்தது. பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் அது 2018 வரை நீடித்தது. அவர்கள் வழக்கப்படி அவர்களே இருக்கட்டும் என்று சொல்லித்தான் அதையும் நியாயப்படுத்தினார்கள். பாதி ஆட்சிதான் எல்லாவற்றிலும் கொடியது. பேரரசி மலையை ஆள்வதாக இருந்தால், தலைநகரக் குடிமகனுக்குக் கிடைக்கும் அதே நீதிமன்றமும் அதே மேல்முறையீடும் மலைமகனுக்கும் கிடைக்க வேண்டும்.

கூடலூர் வாசகி:
குறும்பர் கொலைகளை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனால் அவை நடந்த காலத்தைப் பாருங்கள், ஐயா. கும்பினியின் கலெக்டரும், பின்னால் ராணியின் நீதிபதிகளும் மலையில் அமர்ந்திருந்த காலம் அது. நீதிமன்றம் இருந்தும் அவர்கள் காப்பாற்றப்படவில்லை. 1860களில் நடுவட்டத்தில், மலேரியாவுக்கு மருந்து தரும் சின்கோனா மரம் பயிரிடக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கும் அளவுக்கு அரசின் கை நீண்டிருந்தது. குறும்பரின் குடிசை வரைக்கும் அந்தக் கை நீளவில்லை. பேரரசு மலையேறும்போது சாலை முதலில் வரும், வரி அடுத்து வரும். நீதி வந்து சேர்வதற்குள் நிலம் போயிருக்கும். நாவலில் இந்த வரிசையை மாற்றிக் காட்டினால் நம்ப மாட்டேன்.

பழனிமலை அடிவாரம்:
அந்த வரிசை சரிதான். ஆனால் நிலம் போன பிறகு அதைத் திரும்பக் கேட்கவும் ஒரு சட்டம்தானே வேண்டியிருந்தது? 2006இன் வன உரிமைச் சட்டம் இல்லாவிட்டால், எங்கள் பழனிமலைப் பழங்குடிகளான பளியரும், உங்கள் குறும்பரும் தங்கள் காட்டின் மீது எந்த ஏட்டைக் காட்டிக் கேட்பார்கள்? உடன்படிக்கை மட்டும் போதும் என்கிறீர்கள். அதை மீறும் வணிகனைத் தண்டிக்க யாரிடம் போவது?

குன்னூர் கதைசொல்லி:
இருவருக்கும் நன்றி. தலைவரை நியமிக்கும் அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன். பேரரசி முதலில் நீதிபதி ஒருவரை மலைக்கு அனுப்புவாள். நிலப் பதிவேடு மலைக்குடிகளின் சாட்சியத்தைக் கேட்டு அங்கேயே எழுதப்படும். சாலை வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

கூடலூர் வாசகி:
சாட்சி சொல்பவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள். மேய்ச்சல் நிலம் உள்ளவர்களும் வயல் உள்ளவர்களும் மட்டும் வந்து அமர்ந்தால், தேனெடுக்கும் பாறைக்கு ஏட்டில் உரிமையாளர் இருக்க மாட்டார். அடுத்த தலைமுறையில் பேரரசு அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும்.