மீட்டர் சரியாத்தான் காட்டுச்சு, வெள்ளரிதான் வளரலை

வணக்கம். மாடியில் மூன்று வருஷமாக மண்ணில்லாமல் காய்கறி வளர்க்கிறேன். 200 லிட்டர் தொட்டி. பம்ப் ஏற்றும் உரக் கரைசல் குழாய்களில் ஓடித் திரும்பத் தொட்டிக்கே வந்துவிடும்.

முதல் போகம் வெள்ளரி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அந்தக் கரைசலைக் கொட்ட மனசு வரவில்லை. குறைந்த தண்ணீரை நிரப்பி, உரம் கலந்து, அதிலேயே இரண்டாம் போகமும் நட்டேன். கொடி பூவெடுக்கும்வரை ஏறியது, அப்புறம் நின்றுவிட்டது. பிஞ்சுகள் விரல் நீளத்திலேயே மஞ்சளாகி உதிர்ந்தன. கரைசலில் உரவுப்பு எவ்வளவு என்று காட்டும் ஈசி 2.2, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 6. இரண்டிலும் குறையே இல்லை. செடி நிற்கும் வலைத்தொட்டியை (நெட் பாட்) தூக்கினால் வெள்ளை வேர்நுனி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் டிக்காஷன் நிறம்.

வேரழுகல் என்றுதான் முதலில் பயந்தேன். அழுகலாக இருந்தால் வேரைப் பிடித்து இழுக்கும்போது மேல்தோல் உருவிக்கொண்டு வரும், உள்நரம்பு மட்டும் நூல் மாதிரி நிற்கும், நாறும். இதில் எதுவும் இல்லை.

சந்தேகம் கரைசல் மேலே திரும்பியது. பழைய கரைசலில் கொஞ்சம், அதே ஈசி, பிஎச்சில் புதிதாகக் கலந்தது கொஞ்சம், இரண்டையும் பாதியாக நீர்த்து, நனைத்த டிஷ்யூவில் பத்துப் பத்து லெட்டூஸ் விதை வைத்தேன். ஐந்தாம் நாள் புதியதில் வேர் வெள்ளை வெளேரென்று நீண்டிருந்தது. பழையதில் முளை வந்தும் வேர் குட்டை, நுனி கருகல். அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல. சிக்கனம் என்று நினைத்து நானே செடியை அதன் கழிவில் நிற்க வைத்திருக்கிறேன்.

வெள்ளரி வேர் பென்சாயிக் அமிலம், சின்னமிக் அமிலம் போன்றவற்றைக் கசியவிடும். மண்ணில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும், மண்துகளும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். சுற்றிச் சுற்றி ஓடும் தண்ணீரில் அது தேங்கி, அதே செடியின் வேரையே அடக்குகிறது. மீட்டர் உப்புகளின் மின்கடத்துதிறனைத்தான் அளக்கும். இவ்வளவு சிறிய அளவு அமிலம் அதில் தெரியவே தெரியாது. ஜப்பானில் ஷிமானே பல்கலைக்கழகத்தின் அசாவோ குழுவினர் வெள்ளரியிலும் ஸ்ட்ராபெரியிலும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். கரைசலில் ஆக்டிவேட்டட் கார்பன் (இப்படிப்பட்ட பொருட்களை ஈர்த்துப் பிடிக்கும் கரி) போட்டபோது வளர்ச்சி மீண்டது.

நானும் கார்பனை நைலான் வலைப்பையில் கட்டி, கரைசல் தொட்டிக்குத் திரும்பும் குழாய் வாயில் தொங்கவிட்டேன். பாதிக் கரைசலையும் மாற்றினேன். பத்து நாளில் புது வேர் எட்டிப் பார்த்தது. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

---

சார், நான் லெட்டூஸ் மட்டும்தான். லெட்டூஸ் வேரும் இப்படிக் கசியவிடும்னு படிச்சதிலிருந்து ஒவ்வொரு அறுவடைக்கும் தொட்டியைக் காலி பண்ணிடறேன். பழைய தண்ணி கீழே வாழைக்குப் போயிடும், வீணாகறதில்லை. ஒரு சந்தேகம்: கார்பன் இரும்புச்சத்தையும் சேர்த்து இழுத்துக்காதா?

---

இழுக்குங்க. மூணாவது வாரமே கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையா நின்னுச்சு. கீலேட் இரும்பைத்தான், அதாவது தண்ணியில கரைஞ்சே இருக்கற மாதிரி வேற பொருளோட பிணைச்ச இரும்பைத்தான், கார்பன் பிடிச்சுக்குது. இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை இரும்பை மட்டும் தனியாக் கரைச்சு ஊத்தறேன். ஊத்துற அன்னிக்குக் கார்பன் பையை வெளியே எடுத்து வெச்சிட்டு, மறுநாள்தான் திரும்பத் தொங்கவிடறேன். கொழுந்து தெளிஞ்சிடுச்சு.