டிபிஎஃப் விளக்கு மூன்றாவது முறை எரிகிறது. வண்டியின் கோளாறா, கம்பெனியே சரியில்லையா?

மேடவாக்கம்_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது இரண்டு வயதான டீசல் எஸ்யூவி. பிஎஸ்6 (2020-ல் வந்த புகை விதிக்கு ஏற்றது), மேனுவல் கியர், ஓடியது 16,400 கி.மீ. கம்பெனி பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு முழுவதும் அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

வீடு மேடவாக்கம், ஆபீஸ் பெருங்குடி. எட்டு கி.மீ. கூட இருக்காது. மெட்ரோ வேலை நடப்பதால் காலையில் நாற்பது நிமிடம், மாலையில் சில நாள் ஒரு மணி நேரம். மூன்றாவது கியருக்குப் போவதே அபூர்வம்.

டிபிஎஃப், அதாவது டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், அதன் எச்சரிக்கை விளக்கு எரிவது ஆறு மாதத்தில் இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு முறையும் சர்வீஸ் சென்டரில் மெஷினைப் போட்டு, சேர்ந்த கரியை 'எரித்து'க் கொடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் நாலாயிரத்துச் சொச்சம். போன செவ்வாய்க்கிழமை துரைப்பாக்கம் சிக்னலில் வண்டிக்கு இழுவையே போய்விட்டது. ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தாலும் இன்ஜின் சுற்று 2,000 ஆர்பிஎம்மைத் தாண்டவில்லை. பின்னால் தண்ணீர் லாரி ஹாரன், பக்கத்தில் மனைவி, பின் சீட்டில் குழந்தை. அன்றைக்குப் பட்ட பாடு சொல்லி முடியாது.

இப்போது ஃபில்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் ஆகுமாம். "நீங்கள் ஓட்டுகிற முறையால் வந்தது, வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா 1997-ல் வாங்கிய மாருதி 800-ஐப் பத்தொன்பது வருடம் வைத்திருந்தார். கார்புரேட்டர் சுத்தம் செய்வார், கிளட்ச் கேபிள் மாற்றுவார், அவ்வளவுதான். நடுவழியில் நின்றதாக எனக்கு நினைவே இல்லை. எனக்கு இன்னும் மூன்று வருடம் தவணை பாக்கி.

இரண்டு கேள்வி. இப்போது இந்த வண்டிக்கு என்ன செய்வது? விற்றுவிட்டால், ஜப்பான், கொரியா, நம்மூர், ஐரோப்பா, இதில் எந்தக் கம்பெனியை நம்பி வாங்கலாம்?

பழைய_ஸ்பேனர் (அம்பத்தூர்):

தம்பி, கம்பெனியை அப்புறம் பார்ப்போம். முதலில் இதைச் செய்யுங்கள். நாளைக் காலையில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால், சமதரையில் வைத்து டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் எந்தக் கோட்டில் இருக்கிறது? முகர்ந்தால் டீசல் வாடை வருகிறதா? அடுத்தது, சாயங்காலம் வீட்டுக்கு வந்து வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சத்தமாக ஓடிக்கொண்டே இருக்குமா? சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி நிற்குமா?

பதில் வரும் வரை வண்டியை எடுக்காதீர்கள். யாராவது "ஹைவேயில் ஒரு விரட்டு விரட்டு, சரியாகிவிடும்" என்றாலும் கேட்காதீர்கள்.

ஓஎம்ஆர்_பயணி:

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்! இசிஆரில் மாமல்லபுரம் வரை போய்வந்தால் விளக்கு அணைந்துவிடும். என் வண்டியில் அப்படித்தான் அணைந்தது. ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

பழைய_ஸ்பேனர்:

ஆயில் மட்டம் சரியாக இருந்தால் அதுதான் வைத்தியம். மட்டம் ஏறியிருந்தால் அதுவே ஆபத்து.

டீசல் புகையில் வரும் கரியை டிபிஎஃப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஓரளவு சேர்ந்ததும் அதை எரித்தாக வேண்டும், அதற்குக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். ஊருக்குள் உருட்டிக்கொண்டு போனால் அந்தச் சூடு வராது. அதனால் வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சி, புகைக்குழாய்ப் பக்கம் எரியவிட்டுச் சூட்டை ஏற்றும். இது முடியக் கால் மணி நேரமாவது வண்டி நிற்காமல் ஓட வேண்டும். நாம் அதற்குள் வீடு வந்து சாவியைத் திருப்பிவிடுகிறோம். அணைத்த பிறகும் ஃபேன் ஓடுவதும், ஆர்பிஎம் ஏறி நிற்பதும் இந்த எரிப்பு நடந்துகொண்டிருந்ததற்கு அடையாளம். பாதியில் நின்றதை அடுத்த நாள் மறுபடி தொடங்கும், மறுபடி நிறுத்துவோம். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும்.

ஆயில் குறைந்தால் பயப்படத் தெரியும் நமக்கு. ஏறினால் "பரவாயில்லை, நிறைய இருக்கிறது" என்று விட்டுவிடுகிறோம். டீசல் கலந்த ஆயில் தண்ணீர் மாதிரி ஓடும், பேரிங்கைக் காப்பாற்றாது. மட்டம் மிகவும் ஏறிவிட்டால் வேகமாக ஓட்டும்போது இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரிக்கத் தொடங்கலாம். அப்புறம் சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

மேடவாக்கம்_வாசி:

அண்ணா, இப்போதுதான் பார்த்தேன். மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் ஏறியிருக்கிறது. துணியில் துடைத்ததும் டீசல் வாடை நன்றாகவே அடித்தது. ஃபேன் விஷயமும் சரிதான். வாரத்துக்கு மூன்று நாளாவது அணைத்த பிறகும் ஓடும். ஏசியால் என்று நினைத்திருந்தேன்.

மூன்று தடவை சர்வீஸ் சென்டருக்குப் போயும் இந்த டிப்ஸ்டிக்கை யாரும் உருவிப் பார்க்கவில்லை.

பழைய_ஸ்பேனர்:

இன்றைக்கே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். கடையில் எது மலிவோ அதை ஊற்றவிடாதீர்கள். மேனுவலில் போட்டிருக்கும் கிரேடுதான் வேண்டும், டிபிஎஃப் வண்டிக்கான, சாம்பல் குறைவாக விடும் ஆயில். கரி எரிந்து போகும், சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும். 16,000 கி.மீ.யில் சாம்பலால் ஃபில்டர் நிரம்பியது என்றால் நான் நம்ப மாட்டேன்.

அதனால் ஃபில்டரை மாற்றச் சம்மதிக்கும் முன் ஸ்கேனரில் கரி அளவு எவ்வளவு, பிரஷர் சென்சார் என்ன காட்டுகிறது என்று பிரின்ட் கேளுங்கள். ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் அழுத்தத்தை அளக்க இரண்டு சின்னக் குழாய் போகும். அதில் ஒன்று கழன்றிருந்தாலும், விரிசல் விட்டிருந்தாலும், எலி கடித்திருந்தாலும் கம்ப்யூட்டருக்குத் தப்பான கணக்குத்தான் போகும். பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கத்து வண்டிகளில் எலி கடித்த வயர் நான் பார்க்காத மாதமே கிடையாது.

கரி அளவு எல்லைக்குள் இருந்தால் மெஷினில் ஒரு முறை எரிக்கச் சொல்லுங்கள். பிறகு வண்டலூரில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி, நாலாவது கியரில் 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் இருபத்தைந்து நிமிடம் ஓட்டுங்கள். நெமிலிச்சேரி வரை போய்த் திரும்பினால் தாராளம்.

மஞ்சள்_போர்டு:

நான் ஏர்போர்ட், பாண்டி, வேலூர், திருப்பதி என்று ஓட்டுகிறவன். 2011 இன்னோவாவில் நாலரை லட்சம் கி.மீ. ஓட்டினேன், இன்ஜினைப் பிரித்ததே இல்லை. அதில் டிபிஎஃப்பும் கிடையாது. இப்போது ஓட்டுவதும் பிஎஸ்6 டீசல்தான், வேறு கம்பெனி. அந்த விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. தினமும் நூறு கி.மீ. ஹைவேயில் போகும் வண்டிக்கு அது வராது. உங்கள் வண்டியை என்னிடம் கொடுத்திருந்தால் எனக்கும் வந்திருக்காது, என் வண்டியை உங்கள் ரூட்டில் ஓட்டினால் உங்களுக்கு வந்திருக்கும்.

ஓஎம்ஆர்_பயணி:

அப்படியென்றால் குற்றம் வாங்கியவர் மேலா? ஷோரூமில் "தினமும் எத்தனை கி.மீ. ஓட்டுவீர்கள்" என்று ஒருவரும் கேட்பதில்லை. சன்ரூஃப் வேண்டுமா என்றுதான் கேட்கிறார்கள். இருபது லட்சம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு கேள்வி கேட்கத் தெரியாதா?

பழைய_ஸ்பேனர்:

நூறு சதவீதம் ஒத்துக்கொள்கிறேன். விற்கும்போது சொல்லாமல், பழுதானதும் "ஓட்டுகிற முறை" என்பது நியாயமே இல்லை. தம்பி, அவர்கள் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜாப் கார்டு மூன்றையும் வைத்துக் கம்பெனியின் தலைமைச் சேவைப் பிரிவுக்கே மெயில் போடுங்கள்.

ஒரகடம்_தரம்:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். பதினான்கு வருடம் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். ஒரே ஷிஃப்டில் மூன்று கம்பெனிக்குப் பாகம் போகும். பெட்டியில் ஒட்டும் லேபிள்தான் வேறு.

வெளியே தெரியாமல் நிறைய பகிர்ந்துகொள்கிறார்கள். ஃபியட்டின் 1.3 டீசல் இன்ஜின் ஒரு காலத்தில் மாருதி ஸ்விஃப்டிலும் இருந்தது, டாடா இண்டிகா விஸ்டாவிலும் இருந்தது, ஃபியட் புன்டோவிலும் இருந்தது. ரெனோ டஸ்டர், நிசான் டெரானோ இரண்டும் நம் ஒரகடத்தில் ஒரே ஆலையில் உருவானவை. டொயோட்டா கிளான்ஸா என்பது மாருதி பலேனோதான். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டும் 2022-ல் வந்தபோது டொயோட்டாவின் பிடதி ஆலையிலிருந்தே வந்தன. இதில் ஒன்று நல்ல கம்பெனி, மற்றது சுமார் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

டகாட்டா என்ற ஜப்பான் சப்ளையரின் ஏர்பேக் இன்னொரு உதாரணம். ஹோண்டா, டொயோட்டா, நிசான், பிஎம்டபிள்யூ, ஃபோர்டு என்று உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், இந்தியாவிலும் அழைத்தார்கள். சப்ளையர் ஒருவர்தான். உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கெட்டு, பை விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறின. சென்னைக் காற்றில் இருப்பதே வெப்பமும் ஈரமும்தான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சேசிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, திரும்ப அழைப்பு பாக்கி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் வருடாவருடம் எடுக்கும் ஆய்வுகளில் லெக்ஸஸ், டொயோட்டா பல வருடமாக மேலேதான் இருக்கின்றன. அவர்கள் புது இன்ஜினை அவசரப்பட்டு இறக்குவதில்லை, பழகியதையே செதுக்கிச் செதுக்கிப் போடுகிறார்கள். ஆனால் அதே ஆய்வுகளில் இப்போது அதிகப் புகார் வருவது இன்ஜின் மேல் இல்லை, தொடுதிரை, புளூடூத் மேல்.

அதனால் நான் கம்பெனியைக் கேட்க மாட்டேன். எந்த இன்ஜின், எந்தக் கியர்பாக்ஸ், எத்தனை வருடமாக ஓடுகிறது என்று கேட்பேன். ஒரே மாடலில் சாதாரண பெட்ரோல் மேனுவல் இரண்டு லட்சம் கி.மீ. தாண்டும், அதன் உலர் டூயல் கிளட்ச் (எண்ணெயில் மூழ்காத இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக்) வகை ஓஎம்ஆர் நெரிசலில் சூடாகி எச்சரிக்கை காட்டும். மாருதி 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்தபோது டீசலையே கைவிட்டது. சின்ன வண்டிக்கு இந்தச் செலவு கட்டாது என்ற கணக்குத்தான்.

உங்கள் அப்பாவின் 800 நல்ல வண்டிதான், சந்தேகமில்லை. அதில் கெட்டுப்போக இருந்த பொருளும் கொஞ்சம்தான்.

மேடவாக்கம்_வாசி:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன். ஆயில் மாற்றியாயிற்று. பிரின்ட் கேட்டதும் சர்வீஸ் மேனேஜரே வெளியே வந்தார். பிரஷர் சென்சாருக்குப் போகும் ஒரு குழாய் அடியில் வெடித்திருந்தது. குழாய் 640 ரூபாய். அதை மாற்றி ஒரு முறை எரித்ததும் கரி அளவு எல்லைக்குள் வந்துவிட்டது. ஃபில்டர் மாற்றும் பேச்சையே காணோம். முன்பு கட்டிய இரண்டு பில்லையும் திருப்பிக் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி போய்வந்தோம். குழந்தை முழு வழியும் தூங்கினான்.

வேலூரில் இருக்கும் மாமா வாரத்துக்கு மூன்று நாள் ஓசூர் போகிறவர். டீசலை அவர் எடுத்துக்கொண்டு தவணையைக் கட்டுவதாகச் சொல்கிறார். எனக்குப் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் பார்க்க வேண்டும். என் ரூட்டுக்கு எந்தக் கியர்பாக்ஸ் அண்ணா?

பழைய_ஸ்பேனர்:

உலர் டூயல் கிளட்ச் வேண்டாம். சிவிடி (கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடுவது) அல்லது டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவது) ஆட்டோமேட்டிக் பாருங்கள். காசு இடம் கொடுத்தால் ஸ்ட்ராங் ஹைபிரிட், பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் வண்டியை ஓட்டும் வகை. உருளும் நெரிசலில் அது பாதி நேரம் பேட்டரியிலேயே போகும், நெரிசலில் கிளட்ச் சூடாகித் தேயும் தொல்லை கிடையாது. டெஸ்ட் டிரைவை ஷோரூம் பின்னால் காலித் தெருவில் எடுக்காதீர்கள். மாலை ஆறரைக்கு, துரைப்பாக்கத்துக்கே ஓட்டிப் பாருங்கள்.

மாமாவிடம் வண்டியைக் கொடுக்கும்போது டிப்ஸ்டிக்கை ஒரு முறை உருவிக் காட்டிவிட்டுக் கொடுங்கள்.